கால்சியம் இல்லாத தண்ணீர்

பவானிக்கும் தினேஷுக்கும்,

வீட்டுக்குப் புதுக் கேன் தண்ணீர் வந்து இறங்கினால், அதிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, சுண்டும் வரை காய்ச்சி, அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பேன். இந்தப் பழக்கத்துக்காக நீங்கள் இருவரும் என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை. "அப்பா லேப் வச்சிட்டாரு, கேஸு தீரப் போவுது" என்பான் தினேஷ். பவானி எட்டாவது படிக்கும்போது ஒரு தடவை, "ஏம்ப்பா இப்படிப் பண்றே?" என்று கேட்டாள். சும்மாதான் என்று சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பக்கம் வந்து நின்று, அதே கேள்வியை அதே மாதிரி மறுபடியும் கேட்டாள். அன்றைக்கும் சும்மாதான் என்றேன். ஆனால் அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது.

ஓய்வு பெற்ற அன்று லேப்பில் எனக்குச் சால்வை போட்டார்கள். இப்போது அங்கே செல்களை ஒளிரவைக்கச் சாயம் போடுவது நின்றுவிட்டது. ஒளிரும் பொருளைச் செல்லே தனக்குள் செய்துகொள்கிற மாதிரி மாற்றிவிட்டார்கள். குளிர்ப்பெட்டியின் அடியில் கிடந்த பழைய சாயக் குழாய் ஒன்றை எனக்கு ஞாபகமாகக் கொடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்து, "சேகர் அண்ணா இத்தனை வருஷத்துல ஒரு தப்புகூட பண்ணதில்லயாமே!" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தக் குழாய்தான் டிவி மேல் நான் வைத்திருப்பது. அலுமினியத் தாள் சுற்றியிருப்பதால் நீங்கள் அதை மிட்டாய் என்று நினைத்தீர்கள்.

நான் பத்தாவது தேறியவன். அடையாறில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பாட்டில் கழுவ ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தேன். பாட்டில் கழுவினேன், பிறகு கரைசல் தயாரிக்கத் தராசில் உப்பு நிறுத்துக் கொடுத்தேன், பிறகு சாயம் கரைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். கற்றுக்கொண்டது எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான்.

சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அந்த இடத்தில் பயம்தான். மைக்ராஸ்கோப்புக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்கும். அதன் ஒளியை நேராகப் பார்த்தால் கண் போய்விடும் என்றார்கள். சூடாக இருக்கும்போது தட்டினால் வெடிக்கும் என்றார்கள். சாயத்தைக் கரைக்கும் திரவம் கையில் பட்டால் தோல் வழியாகவே உள்ளே போய்விடும். கொஞ்ச நேரத்தில் நாக்கில் பூண்டு வாடை தெரியும். எனக்கு ஒரு தடவை தெரிந்தது. அன்று முழுக்க நான் சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு பாட்டில் கழுவினேன்.

எல்லாவற்றையும்விடப் பயம், வைதேகி மேடத்திடம். அந்த லேப்பின் தலைவர். மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் வழக்கம் வேறு. ஒரு கேள்வி கேட்பார். நாம் பதில் சொல்வோம். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். மறுபடி போட்டுக்கொண்டு அதே கேள்வியை, அதே சொற்களில், அதே குரலில் இன்னொரு முறை கேட்பார். அவ்வளவுதான். இரண்டாவது முறைக்கு யாராலும் பொய் சொல்ல முடிந்ததில்லை.

எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், இந்தச் சாயத்தால்தான்.

சாயம் என்றால் துணிக்குப் போடுவது இல்லை. வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வரும். ஒரு குழாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மஞ்சளாக ஒரு பூச்சு, அவ்வளவுதான் சரக்கு. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும், அதனால் அலுமினியத் தாள். ஈரம் பட்டாலும் கெட்டுவிடும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உடனே மூடியைத் திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வேர்க்கிற மாதிரி குழாய்க்கு உள்ளேயும் வேர்த்துவிடும். ஆகவே அறைச் சூட்டுக்கு வரும் வரை அரை மணி நேரம் காத்திருந்துதான் திறக்க வேண்டும்.

முதல் தடவை என்னிடம் கொடுத்தபோது நான் காத்திருக்கவில்லை. திறந்த கையோடு மேடம் வந்து நின்றார்.

"எப்போ வெளில எடுத்தேள்?"

"அரை மணி ஆச்சி மேடம்."

கண்ணாடியைத் துடைத்தார். "எப்போ வெளில எடுத்தேள்?"

"இப்பதான் மேடம். ரெண்டு நிமிஷம்கூட ஆவல."

திட்டவில்லை. அந்தக் குழாயைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் இருவரும் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் மணி பார்த்து, "இப்போ தொறங்கோ" என்றார்.

இந்தச் சாயம் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் கால்சியத்தை, அதாவது சுண்ணாம்புச் சத்தை, வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பதைப்போல் பத்தாயிரம் மடங்கு வெளியே இருக்கும். உள்ளே துளி கூடினால் செல்லுக்கு அது ஒரு கட்டளை. இதயம் சுருங்குவதும் அதனால்தான். கூடியது இறங்காவிட்டால் செல் செத்துப்போகும். அந்தத் துளி கூடுவதை உயிரோடு இருக்கும்போதே அளக்கத்தான் சாயம். சாயத்துக்கு ஓர் எண்ணெய்ச் சட்டை போட்டு அனுப்புவார்கள். அந்தச் சட்டை இருப்பதால் செல்லின் தோலுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். உள்ளே போனதும் செல் அந்தச் சட்டையைக் கத்தரித்துவிடும். அப்புறம் சாயத்தால் வெளியே வர முடியாது. உள்ளே கால்சியத்தைப் பிடித்தால் அதன் ஒளி மாறும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு வகை ஒளியை மாற்றி மாற்றி அடித்து, ஒன்றுக்கு எவ்வளவு ஒளிர்கிறது, மற்றதற்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் அது ஒரு கோடாக வரும். கோடு ஏறினால் கால்சியம் ஏறுகிறது. படுத்திருந்தால் ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கோட்டை நம்பித்தான் ஸ்டெல்லா ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டெல்லா பட்டினப்பாக்கத்துப் பெண். அப்பா அந்தோணி கட்டுமரத்தில் போய், பிறகு ஃபைபர் படகில் போனவர். அவருடைய வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கயிறு சுற்றிய மாதிரி தழும்பு இருக்கும். வலையில் வந்த ஜெல்லி மீன் சுற்றியது. அன்று அவர் மூச்சு நின்று கரையில் கிடந்தார், பிழைத்ததே பெரிது. ஸ்டெல்லா அப்போது சின்னப் பெண், பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். படித்து முடித்து எங்கள் லேப்புக்கு வந்ததும் அந்த விஷத்தைத்தான் எடுத்துக்கொண்டாள். விஷம் பட்டால் இதயச் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. அது வெளியிலிருந்து ஓட்டை போட்டுக்கொண்டு வருகிறதா, உள்ளேயே பூட்டி வைத்திருக்கும் கால்சியம் திறந்துகொள்கிறதா? இதுதான் அவள் கேள்வி. அந்தோணிதான் சீசனில் பக்கெட்டில் மீன் கொண்டுவந்து கொடுப்பார். மேடம் சுத்த சைவம். பக்கெட் வரும் நாளில் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நிற்க அவர் படும் பாடு எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

சோதனை எளிது. செல்லைச் சுற்றி ஊற்றும் கரைசலில் கால்சியமே இருக்கக் கூடாது. அதில் விஷத்தை விட வேண்டும். கோடு ஏறினால் கால்சியம் உள்ளிருந்து வந்தது. ஏறாவிட்டால் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் மருந்து ஒன்று உண்டு, ஆனால் அதைப் போட்டால் இந்தச் செல்கள் கண்ணாடியைவிட்டுக் கழன்று மிதந்துவிடும். அதனால் சுத்தமான தண்ணீர் ஒன்றைத்தான் நம்பியிருந்தார்கள். எத்தனையோ முறை செய்தாள். கோடு ஏறவில்லை. கட்டுரை அச்சாகிப் புத்தகத்தில் வந்தது. ஆய்வேட்டைப் பார்த்தவர்கள், புது விஷத்தில் இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார்கள். அது முடிந்தால் அவள் டாக்டர் ஸ்டெல்லா.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கோடை வந்தது.

குழாயில் தண்ணீர் நின்றுபோய் லாரித் தண்ணீர் வாங்கினார்கள். அந்த உப்புத் தண்ணீரில் எங்கள் சுத்திகரிப்பு மிஷின் அடைத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் சொட்டினால் அதிகம். அதைப் பிடித்துவைக்க ஒரு வெள்ளை டிரம், இருபது லிட்டர். எல்லோரும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். நிரப்புவது என் வேலை. ஒரு சாயங்காலம் ஸ்டெல்லா டிரம்மைத் தட்டிப் பார்த்தாள். காலி.

"அண்ணா, காலைல ரெண்டு லிட்டர் வேணும்ண்ணா. இல்லாட்டி செல்லெல்லாம் செத்துப்பூடும். மூணு வாரம் வேஸ்ட்டு."

"கவலப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். டீ போடும் இடத்தில் கேன் தண்ணீர் இருந்தது. சீல் உடைத்து டிரம்மில் பாதி ஊற்றினேன். மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதைவிடச் சுத்தமான தண்ணீர் எது? கைக்குழந்தைக்கு நாம் அதைத்தானே கொடுக்கிறோம். கேன் மேல் 'மினரல்' என்று எழுதியிருந்தது. மினரல் என்றால் உப்பும் சுண்ணாம்பும்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. உயர்ந்த தண்ணீர் என்று அர்த்தம் போல என்று இருந்தேன். அதற்கப்புறம் டிரம் குறையும்போதெல்லாம் அதையே செய்தேன். அவளுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

செல்கள் வளர்ந்து, இரண்டு வாரம் கழித்துச் சோதனை வைத்தபோது, ஸ்டெல்லாவின் கோடு ஏற ஆரம்பித்தது.

கால்சியம் இல்லாத கரைசலில் கோடு ஏறியது. திரும்பச் செய்தாள், ஏறியது. ஐந்து முறை செய்தாள். ஐந்து வருஷமாகச் சொன்னது ஒன்று, இப்போது காட்டுவது வேறு. சாயம் கெட்டுவிட்டதோ என்று பார்த்தார்கள், கெடவில்லை. விளக்கை மாற்றினார்கள். ஏறிக்கொண்டுதான் இருந்தது. சாயமும் தீர்ந்துகொண்டு வந்தது. புதுச் சரக்கு கஸ்டம்ஸில் கிடந்தது. குளிர்ப்பெட்டியில் மிச்சம் ஒரே ஒரு குழாய்.

அப்போது ஒரு திங்கட்கிழமை. தினேஷுக்குக் காய்ச்சல். உங்கள் அம்மா காலையில் கேன் தண்ணீரை அடுப்பில் வைத்து மறந்துவிட்டாள். நன்றாகச் சுண்டிப்போயிருந்தது. பாத்திரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கேன்காரன் இன்னா தண்ணி ஊத்தறான் பாரு. சுண்ணாம்பு அடிச்ச மாரி கீது!"

பாத்திரத்தின் அடியில் வெள்ளை வளையம். விரலால் தடவினேன், மாவு மாதிரி வந்தது. சுண்ணாம்பு. கால்சியம். எங்கள் லேப்பிலும் அதே கம்பெனிக் கேன்தான்.

பாத்திரத்தோடு அப்படியே சுவரில் சாய்ந்தேன். "இன்னாய்யா, ஜுரம் உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று அம்மா கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன்: நேராக மேடத்திடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். நிச்சயமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் மேடத்தின் மேசையில் என்னுடைய தாள் இருந்தது. ஒன்பது வருஷமாக ஒப்பந்த ஆள். அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேடம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தாளை அவர் முன்னால் பார்த்ததும் என் நாக்கு உள்ளே போய்விட்டது. "என்ன சேகர்?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம், பாட்டில் எதுனா இருக்குதான்னு" என்றேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எல்லோரும் சாப்பிடப் போனபோது டிரம்மைக் கவிழ்த்தேன். நன்றாகக் கழுவி, மிஷினிலிருந்து சொட்டு சொட்டாகப் பிடிக்க வைத்தேன். தடயம் இல்லாமல் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். திருடன் மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மேடம் எல்லாச் சோதனைகளையும் நிறுத்தச் சொன்னார். ஸ்டெல்லாவின் ஐந்து வருஷ நோட்டுகளையும் மேசையில் அடுக்கச் சொன்னார். நான் கழுவிய பாட்டில்களை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தேன். மேடம் ஸ்டெல்லாவைப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணி எங்கேர்ந்து எடுத்தே?"

"வெள்ள டிரம்லேர்ந்துதான் மேடம்."

கண்ணாடியைத் துடைத்தார். "தண்ணி எங்கேர்ந்து எடுத்தே?"

"வெள்ள டிரம்லேர்ந்துதான் மேடம்."

அவள் உண்மையைத்தான் இரண்டு முறையும் சொன்னாள். டிரம்மில் ஊற்றியது யார் என்று யாரும் கேட்கவில்லை. பாட்டில் கழுவுகிறவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அந்தச் சத்தம் அவர்களுக்குக் கேட்கிறதோ என்று பயந்தேன்.

"ரெண்டுல எது நிஜம் ஸ்டெல்லா? பழசா, புதுசா?" என்றார் மேடம்.

"தெரியல மேடம்."

"தெரியலைன்னா, கமிட்டிக்குத் தெரியலைன்னுதான் எழுதணும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள லெட்டர் குடு. அச்சான கட்டுரையையும் திரும்ப வாங்கிண்டுடலாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து வருஷமும் போச்சு. அதைவிட, பழைய கோடுகளை அவளே வரைந்துகொண்டாள் என்று பேச்சு கிளம்பும். புதன்கிழமையே கிளம்பிவிட்டது. கேண்டீனில் ஒருத்தன் காபியை ஆற்றிக்கொண்டே, "மீன்காரப் பொண்ணு நல்லாத்தான் வல வீசியிருக்குது" என்றான். சிரித்தார்கள். நான் என் டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை மதியம் அந்தோணி வந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது; வழக்கம்போல் பக்கெட்டில் ஜெல்லி மீன் கொண்டுவந்திருந்தார். கேட்டில் உள்ளே விடாததால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பக்கெட்டின்மேல் ஈரச் சாக்கு.

"இன்னா நைனா, உள்ள போவக்கூடாதுன்றான்?"

"டெஸ்ட்டு நிறுத்தியிருக்காங்கண்ணா. மீன் இப்ப வேணாம்."

சாக்கைச் சரி செய்தார். உடனே போகவில்லை.

"பாப்பா மூணு நாளா சாப்ட மாட்டேங்குது. வாயத் தொறக்க மாட்டேங்குது. எதுனா தப்பு கிப்பு பண்ணிடுச்சா நைனா? நீ இங்கயே கீறவன், உனுக்குத் தெரியும். சொல்லு. நான் அவகிட்ட கேக்க மாட்டேன்."

அவர் கையிலிருந்த தழும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா. மிஷினு ரிப்பேரு."

"மிஷினா?" அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அத சொல்றத்துக்கு இன்னா! மிஷின்னா ரிப்பேரு ஆவத்தான் ஆவும். எம்மாம் பயந்துட்டன் தெரியுமா!" என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போனார். அந்தக் கையின் உப்பு வாடை என் சட்டையில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையை ஊறப்போட்டேன். உங்கள் அம்மா, "மீன் வாங்கினியா, எங்க?" என்று பையைத் தேடினாள்.

வெள்ளிக்கிழமை காலை டீ போடும் இடத்தில் இருந்த பாதிக் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். உள்ளே ஸ்டெல்லா லெட்டரோடு நின்றிருந்தாள். கேனைத் தரையில் வைத்தேன்.

"மேடம், டிரம்ல தண்ணி பத்தாதப்பல்லாம் நான் இத்த ஊத்தினேன். சுத்தமான தண்ணின்னு நெனச்சேன். வீட்ல காச்சினா அடியில சுண்ணாம்பு நிக்குது. ஸ்டெல்லா தப்பு பண்ணல மேடம்."

ஸ்டெல்லா லெட்டரை மடித்தாள். மறுபடி பிரித்தாள். மேடம் என்னையும் கேனையும் பார்த்தார். பிறகு எழுந்து, "அந்தக் கடைசி ட்யூபை எடுங்கோ" என்றார்.

எடுத்து மேசையில் வைத்தேன். அரை மணி நேரம் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு கரைத்தேன். செல்களுக்கு ஊற்றி இருட்டில் முக்கால் மணி நேரம். கழுவி, செல் சட்டையைக் கத்தரிக்க இன்னும் அரை மணி நேரம். இதற்குள் ஸ்டெல்லா இரண்டு கரைசல் செய்தாள். உப்பெல்லாம் ஒன்றே, தண்ணீர் மட்டும் வேறு. ஒன்று வெள்ளை டிரம்மிலிருந்து; இப்போது அதில் இருப்பது மிஷின் தண்ணீர்தான் என்று நானே சொல்லியிருந்தேன். மற்றது கேனிலிருந்து. டிரம்மைத் திறந்தபோது, "நெறஞ்சிருக்கு மேடம்" என்றாள்.

மைக்ராஸ்கோப் அறையில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டோம். கம்ப்யூட்டர் வெளிச்சம் மட்டும். ஸ்டெல்லா டிரம் தண்ணீர்க் கரைசலில் விஷத்தை விட்டாள். கோடு ஏறினால் நான் சொன்னது தப்பு, அவள் கதை முடிந்தது. வேறு குழாய் இல்லை.

கோடு படுத்தே கிடந்தது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம் ஆயிற்று. தரையில் விட்ட கயிறு மாதிரி அசையவில்லை.

"இப்போ மத்தது" என்றார் மேடம்.

அந்தச் செல்கள்மேலேயே கேன் தண்ணீர்க் கரைசலை விட்டாள். கோடு ஒரு நொடி நின்றது. பிறகு தலையைத் தூக்கி ஏற ஆரம்பித்தது. நிற்காமல் ஏறியது. என் தப்பு எனக்கு முன்னால் பச்சை நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இருட்டில் தெரியவில்லை. "வெளியதான்," என்றாள். "வெளியேர்ந்துதான் வருது மேடம். அவ்ளோண்டு கால்சியமே போதும் அதுக்கு."

விளக்கைப் போட்டதும் மேடம் வெளியே போய் வெள்ளை டிரம்முக்கு முன்னால் நின்றார். மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். மூடினார். என் பக்கம் திரும்பினார்.

"எப்போ தெரிஞ்சுது சேகர்?"

"இன்னிக்குக் காலைலதான் மேடம்."

அவர் கை கண்ணாடிக்குப் போனது. எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டாவது முறை வரப்போகிறது, சொல்லத்தான் போகிறேன், வேலையும் போகப்போகிறது. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. லேசாகச் சரி செய்துகொண்டார், அவ்வளவுதான். ஸ்டெல்லாவின் நோட்டைத் திறந்து, வெறும் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்தார்.

"நீங்களே எழுதுங்கோ. தமிழ்லயே எழுதுங்கோ. என்ன பண்ணினேள், எப்போ தெரிஞ்சுது, எல்லாம்."

எழுதினேன். கேன் தண்ணீர் கலந்தது என் தவறு, வெள்ளிக்கிழமை காலை வீட்டில் தெரிந்துகொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கம் ஸ்டெல்லாவின் ஆய்வேட்டில் பின்னிணைப்பாக இருக்கிறது. அந்த மாதமே மேடம் என் தாளில் கையெழுத்துப் போட்டார். 'தன் தவறைத் தானே வந்து சொன்னவர்' என்று அதில் எழுதியிருந்தார். அந்த வேலையில்தான் நீங்கள் வளர்ந்தீர்கள்.

அன்று சாயங்காலம் அடையாறு டெப்போவில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மிஷின் ஒரு நாளைக்குச் சொட்டுவது ஐந்து லிட்டர். டிரம் இருபது லிட்டர். யாரும் தொடாமல் நல்ல தண்ணீராக அது நிறைய நாலு நாள் வேண்டும். நான் காலையில்தான் தெரிந்துகொண்டேன் என்றால் டிரம்மில் கேன் தண்ணீர் இருந்திருக்க வேண்டும், கோடு ஏறியிருக்க வேண்டும். கோடு படுத்துக் கிடந்ததே, நான் திங்கட்கிழமையே டிரம்மைக் கவிழ்த்துவிட்டேன் என்பதற்குச் சாட்சி. ஸ்டெல்லாவைக் காப்பாற்றிய அதே கோடு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. டிரம் முன்னால் நின்று மேடம் பார்த்தது அதைத்தான். தெரிந்த விஷயத்தை எதற்கு இரண்டாவது முறை கேட்பார்?

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். அவர் கண்ணாடியைத் தொடும்போதெல்லாம் இதோ கேட்கப்போகிறார் என்று காத்திருப்பேன். அவர் கேட்கவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். மயிலாப்பூர் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது முகத்தில் கண்ணாடி இல்லை. என்னால் கிட்டே போக முடியவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டு வந்தேன்.

ஸ்டெல்லா இப்போது வேறு ஊரில் பேராசிரியர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்வாள். "அண்ணா, தண்ணியெல்லாம் எப்படிண்ணா கீது?" என்று கேட்டுச் சிரிப்பாள். அவளும் கணக்குத் தெரிந்தவள்தான். தெரிந்து சிரிக்கிறாளா, தெரியாமல் சிரிக்கிறாளா என்று இத்தனை வருஷமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பயந்திருக்கிறேன். அவள் அப்பா போய்விட்டார். கடைசி வரைக்கும் அது மிஷின் ரிப்பேர் என்றுதான் நம்பியிருந்தார்.

பவானி, நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டது இரண்டாவது முறை. அதனால் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அது திங்கட்கிழமை. நாலு நாள் நான் தெரிந்துகொண்டே சும்மா இருந்தேன்.

இதைப் படித்து முடித்ததும் ஸ்டெல்லாவுக்கு அனுப்பிவிடு. நம்பர் என் போனில் இருக்கிறது. நானே அனுப்பலாம் என்று மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். இன்னும் பயமாக இருக்கிறது. நீ அனுப்பு.